தவளை உண்டா, இல்லையா?

கோலா கெடாவில் நண்பன் வீட்டுச் சாப்பாட்டு மேசையின் இழுப்பறையில் ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் கிடக்கிறது. முதல் பக்கத்தில் 'நம்ம ரூல்ஸ்' என்று நீல மையில் எழுதி, கீழே இரண்டு கோடு இழுத்திருக்கும். மூன்று வருடத்தில் அதில் பதினேழு விதிகள் சேர்ந்தன. பதினேழும் தாலிஸ்மன் என்ற ஒரே ஒரு பலகை விளையாட்டுக்காக நாங்கள் எழுதியவை. போன நோன்புப் பெருநாள் லீவுக்குப் பிறகு அந்த நோட்டை நாங்கள் திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை என்பதை எனக்கே தெளிவாக்கிக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

விளையாட்டைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தாலிஸ்மன் 1983-இல் இங்கிலாந்தில் கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம் வெளியிட்டது. உருவாக்கியவர் ராபர்ட் ஹாரிஸ். நாவல் எழுதும் ராபர்ட் ஹாரிஸ் வேறு ஆள். பலகையில் ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று வட்டாரங்கள். ஆளுக்கொரு பாத்திரம்: வீரன், மந்திரவாதி, பூதம், தீர்க்கதரிசினி என்று. பகடை போட்டு இடமோ வலமோ நகர வேண்டும். நின்ற இடத்தில் சீட்டு எடுத்தால் பேய் வரலாம், டிராகன் வரலாம், வாள் கிடைக்கலாம், தங்கம் கிடைக்கலாம். பலம் சேர்த்து, ஒரு தாயத்தையும் தேடிப் பிடித்து, நெருப்புப் பள்ளத்தாக்கைத் தாண்டி நடுவில் இருக்கும் மகுடத்தை அடைய வேண்டும்.

நல்லாத்தானே இருக்கு என்று தோன்றும். முதல் ஒரு மணி நேரத்துக்கு நல்லாத்தான் இருக்கும். அதற்குப் பிறகு ஓட்டைகள் தெரிய ஆரம்பிக்கும். எல்லாம் பகடையும் சீட்டும்தான். யோசிக்க அதிகம் இல்லை. இரண்டு மணி நேரம் பாடுபட்டு வளர்த்த பாத்திரம் செத்தால், புதுப் பாத்திரத்தோடு முதலிலிருந்து தொடங்க வேண்டும். மற்றவர்கள் அதற்குள் எங்கேயோ போயிருப்பார்கள். இதைவிட மோசம் கடைசிக் கட்டம். ஒருவன் மகுடத்தில் உட்கார்ந்துவிட்டால் ஒவ்வொரு முறையும் பகடை போடுவான். நான்கோ அதற்கு மேலோ விழுந்தால் மற்ற எல்லாருக்கும் உயிர் ஒன்று குறையும். யார் ஜெயிப்பார் என்று அநேகமாகத் தெரிந்துபோன பிறகும் அரைமணி நேரம் உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சாக வேண்டும்.

வெளியிட்டவர்களுக்கும் இதெல்லாம் தெரியும். நான்காம் பதிப்பில் 'விதி' என்று சின்ன வில்லைகள் வந்தன. ஒன்றைக் கொடுத்தால் மோசமாக விழுந்த பகடையை மறுபடி போடலாம். அதன் பிறகு வந்த விரிவாக்கங்கள் சிலவற்றில் மகுடத்துக்குப் பதில் மாற்று முடிவுகளும் வந்தன. 2008-இல் வந்த விரிவாக்கத்தில் ஓர் எமன் பலகையில் சுற்றுவான். யாருக்காவது பகடையில் ஒன்று விழுந்தால் அவன் நகர்வான். நிலவறை, மலைநாடு, நகரம், வனம் என்று நான்கு மூலைக்கும் ஒட்டிக்கொள்ள நான்கு துணைப் பலகைகள் வந்தன. பழைய நோயைக் குணப்படுத்தாமல் வீட்டைப் பெரிதாக்கும் வைத்தியம் இது. நம்ம ஊரில் கோயில் கால்வாய் அடைத்துக்கொண்டிருக்கும்போது புதுசாக ஒரு நவக்கிரக சன்னதி கட்டுவார்களே, அது மாதிரி. சன்னதி அழகாகத்தான் இருக்கும். மழை பெய்தால் தண்ணீர் அங்கேயும் வரும்.

எங்களிடம் இருந்தது பினாங்கில் ஒரு பழைய சாமான் கடையில் வாங்கிய நான்காம் பதிப்பு. நாங்கள் நான்கு பேர். வீட்டுக்கார நண்பன், ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர், லாரி ஓட்டும் அண்ணன் ஒருவர், நான். சனிக்கிழமை சாயங்காலம் சுங்கை பட்டாணியிலிருந்து கிளம்பிப் போவேன். லங்காவி ஃபெரி வந்து போகும் படகுத்துறை பக்கத்தில்தான் நண்பன் வீடு. கருவாட்டு வாசனையும் கோப்பியும் சேர்ந்த அந்த மேசைதான் எனக்கு வாரத்திலேயே நிம்மதியான இடம். இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. அந்த மேசை கெட்டுப்போய்விடுமோ என்று ஒரு கட்டத்தில் நான் பயந்தேன்.

வாத்தியார் பழக்கம், ஒவ்வொரு விதிக்கும் பக்கத்தில் தேதியும் கொண்டுவந்தவர் பெயரும் எழுதி வைத்திருந்தார். பின்னால் ஒருநாள் அதை உட்கார்ந்து பார்த்தேன். பதினேழில் பதினான்கு விதிகள், முந்தின ஆட்டத்தில் தோற்றவன் கொண்டுவந்தவை. மிச்சம் மூன்றும் வீட்டுக்காரனுடையவை. கைப்பேசியை எங்கே வைப்பது, கோப்பியைப் பலகைக்குப் பக்கத்தில் வைக்கக்கூடாது என்பது மாதிரி.

இரண்டாவது விதி என்னுடையது. பாத்திரங்களைக் குருட்டாம்போக்கில் பங்கிடுவதற்குப் பதிலாக அவரவர் விரும்பியதை எடுத்துக்கொள்ளலாம். மட்டமான பாத்திரமே எனக்கு வந்துகொண்டிருந்ததால் இதைக் கேட்டேன். எல்லாருக்கும் பிடித்தது. அண்ணன் அன்றிலிருந்து தீர்க்கதரிசினியையே எடுத்தார். மந்திரம் எப்போதும் கையில் இருக்கும், பிடிக்காத சீட்டைத் தள்ளிவிட்டு வேறு எடுக்கலாம் என்று சலுகைகள் உள்ள பாத்திரம் அது. வாராவாரம் ஜெயித்தார். நாலைந்து மாதம் கழித்து ஒன்பதாவது விதி வந்தது: தீர்க்கதரிசினியை யாரும் எடுக்கக்கூடாது. "ஓட்டுப் போட்டுடலாம்" என்றார் வாத்தியார். மூன்றுக்கு ஒன்று. நானும் கை தூக்கினேன்.

"சரிலா, விளையாட்டுதானே" என்றார் அண்ணன். அடுத்த வாரம் அவர் வரவில்லை. கிள்ளான் துறைமுகத்துக்கு லோடு என்றார். அதற்கடுத்த வாரமும் லோடு. மூன்றாவது வாரம் வந்தார், பூதத்தை எடுத்துக்கொண்டார். யாரும் எதையும் பேசவில்லை.

இரண்டாவது விதி இல்லாவிட்டால் ஒன்பதாவது தேவைப்பட்டிருக்காது. பெட்டிக்குள் வந்த ஏற்பாட்டில் தீர்க்கதரிசினி யாருக்கு வேண்டுமானாலும் வரலாம்; அது அதிர்ஷ்டம், புகார் சொல்ல முடியாது. என் வசதிக்காக நான் திருத்திய ஓட்டை வழியாக இன்னொருவர் வந்தார். வந்தவரை வெளியே தள்ளி ஓட்டையை அடைத்தோம். இதற்கு நியாயம் என்று பெயரும் வைத்தோம்.

ஜான் ரால்ஸ் 1955-இல் விதிகளின் இரண்டு வகைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதில் பேஸ்பால் உதாரணம் வரும். ஆட்டத்தின் நடுவில் மட்டை பிடிப்பவன் 'எனக்கு நான்கு வாய்ப்பு கொடுங்கள்' என்று கேட்க முடியாது. கேட்டால் தமாஷ் பண்ணுகிறான் என்றுதான் நினைப்பார்கள். மூன்று வாய்ப்பு என்பதுதான் அந்த ஆட்டமே. ஆனால் ஆட்டத்துக்கு வெளியே வந்து, நான்கு வாய்ப்பு இருந்தால் பேஸ்பால் மேலும் நல்ல விளையாட்டாகும் என்று யாரும் வாதாடலாம். உள்ளே இருப்பவன் ஆட்டக்காரன், வெளியே வந்தவன் சட்டம் செய்கிறவன். இரண்டும் வேறு வேறு வேலைகள்.

நாங்களும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தோம். ஆட்டம் முடிந்த பிறகுதான் விதியை மாற்றுவோம், அடுத்த வாரம்தான் அமலுக்கு வரும். ஒழுங்காகத்தான் நடந்தோம். ஆனால் சட்டம் செய்ய வெளியே வந்தபோது தோல்வியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தோம். ஐந்து வாரம் தொடர்ந்து தோற்றவன் நான். நியாயத்துக்காகத்தான் கை தூக்கினேன் என்று அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் சத்தியம் பண்ணியிருப்பேன்.

ஹாய்ஸிங்கா 1938-இல் எழுதிய ஹோமோ லூடன்ஸ் நூலில் கள்ளாட்டக்காரனையும் ஆட்டத்தைக் கெடுப்பவனையும் பிரித்துக் காட்டுவார். கள்ளாட்டக்காரன் விதியை மதிப்பதுபோல் நடிக்கவாவது செய்கிறான். ஆட்டத்தை உதறுகிறவன் அந்த உலகத்தையே உடைக்கிறான். அதனால் ஊர் முதலாமவனை எளிதில் மன்னித்துவிடும், இரண்டாமவனை மன்னிக்காது. எல்லார் சம்மதத்தோடும், நோட்டில் தேதி போட்டு, தனக்குச் சாதகமாக விதியை மாற்றுகிறவனை எந்தப் பக்கம் வைப்பது? இவன் ஏமாற்றவில்லை, உடைக்கவும் இல்லை. திருத்துகிறேன் என்கிறான். எனக்கு இந்த மூன்றாவது ஆளைப் பார்த்தால்தான் இப்போது அதிகப் பயம்.

தவளைக்கு வருகிறேன். தாலிஸ்மனில் சூனியக்காரியிடம் மாட்டினாலோ யாராவது மந்திரம் போட்டாலோ தவளையாகிவிடலாம். மூன்று சுற்றுக்கு ஒவ்வொரு கட்டமாகத் தத்த வேண்டும். வாள், தங்கம், கூட வந்த ஆட்கள் எல்லாம் அங்கேயே விழும்; யார் வேண்டுமானாலும் வந்து பொறுக்கிக்கொள்ளலாம். கொடுமைதான். வாத்தியார் ஒருநாள் ஆறு மணிக்குத் தவளையானார், ஆறேகாலுக்குள் மூன்று பேரும் அவரைக் காலி பண்ணிவிட்டோம். அன்றிரவே பன்னிரண்டாவது விதி: தவளை கிடையாது.

அதற்குப் பிறகு ஏதோ குறைந்தது. ரொம்ப நாள் பிடிபடவில்லை. பிறகு ஒருநாள் நண்பனின் மனைவி சமையல்கட்டிலிருந்து, "இப்பல்லாம் நீங்க யாரும் சிரிக்கிறதே இல்லையே" என்றார். அவர் விளையாட மாட்டார், சத்தத்தை மட்டும் கேட்பார். உண்மைதான். ராட்சசனைக் கொன்ற மாவீரன் தவளையாகித் தத்திப் போவதுதான் அந்த மேசையின் ஒரே நகைச்சுவையாக இருந்திருக்கிறது. நாங்கள் கொடுமையை எடுத்தோம், சிரிப்பும் கூடவே போய்விட்டது. பொறுக்க முடியாத கடைசி அரைமணியை வெட்டி, மகுடத்தைத் தொட்டவனே ஜெயித்தான் என்று நாங்கள் எழுதிய விதி நல்ல விதி. இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். தவளையை எடுத்த விதி மோசமானது. இரண்டையும் எழுதும்போது எங்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை. இரண்டும் வலித்தது, எடுத்தோம்.

எங்கள் பாட்டியிடம் ஒரு பரமபத அட்டை இருந்தது. வைகுண்ட ஏகாதசி ராத்திரி கண்விழிக்க லயத்தில் எங்கள் வீட்டுக்குத்தான் பிள்ளைகள் வருவார்கள். பரமபதம் தாலிஸ்மனைவிடக் கறாரான விளையாட்டு. யோசிக்க ஒன்றுமே இல்லை, விழுந்ததுதான் கணக்கு. புண்ணியத்துக்கு ஏணி, பாவத்துக்குப் பாம்பு. சொர்க்கத்துக்கு நாலு கட்டம் இருக்கும்போது பெரிய பாம்பு கடித்து அடிமட்டத்துக்கு வருவோம். ஆனால் எங்கள் வீட்டில் ஒரு விதி இருந்தது. கூட்டத்திலேயே சின்னப் பிள்ளையைப் பெரிய பாம்பு கடித்தால் பாட்டி காயை எடுத்து இருந்த இடத்திலேயே வைத்துவிடுவார். "பெருமாள் மன்னிச்சிட்டாரு. நீ போடுடா."

அண்ணன்மார் கத்துவார்கள். எனக்கும் ஏழெட்டு வயதான பிறகு கோபம் வந்தது, ஏனென்றால் அதற்குள் தம்பி சின்னப் பிள்ளையாகிவிட்டான். இப்போது யோசித்தால் பாட்டி செய்தது சாதாரணத் திருத்தம் இல்லை. அந்த அட்டை, வினைக்கு ஏற்ற பலன் என்று ஒரு கணக்கைச் சொல்கிறது. பாட்டி அந்தக் கணக்குக்கு மேல் ஒருத்தர் இருக்கிறார் என்கிறார். வைணவத்தில் இதற்குப் பெரிய சர்ச்சையே உண்டு. குரங்குக் குட்டி தானே தாயைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று வடகலையார் சொல்வார்கள். பூனைக் குட்டி சும்மா கிடந்தாலும் தாய் கவ்விக்கொண்டு போகும் என்று தென்கலையார் சொல்வார்கள். பாட்டிக்கு இந்தச் சர்ச்சை எதுவும் தெரியாது. பூனைக் கட்சி.

எங்கள் நோட்டுக்கும் பாட்டியின் விதிக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. பாட்டி விளையாடவில்லை. அந்த விதியால் அவருக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை. அதனால் அந்த அதிகாரத்தைக் கடைசிவரை யாரும் அவரிடமிருந்து பிடுங்கவில்லை, கத்தியதோடு சரி.

நோன்புப் பெருநாள் லீவில் நண்பனின் அக்கா மகன் கூலிமிலிருந்து வந்திருந்தான். பன்னிரண்டு வயது. மாமா வீட்டில் டிராகன் விளையாட்டு இருக்கிறது என்று தெரிந்து, முந்தின ராத்திரியே விதிப் புத்தகத்தை முழுசாகப் படித்துவிட்டு வந்து உட்கார்ந்தான். பாத்திரத்தை நீயே எடுத்துக்கோ என்றோம். தீர்க்கதரிசினியை எடுத்தான்.

"அது எடுக்கக்கூடாது தம்பி."

"ஏன் அங்கிள்?"

ஒருத்தரும் பேசவில்லை. அண்ணன் ஜன்னல் பக்கம் பார்த்தார். "ரொம்ப ஸ்ட்ராங்" என்றான் நண்பன்.

"புக்குல அப்படி இல்லையே?"

"இங்க அப்படித்தான்" என்றேன் நான்.

அன்றைக்கு அந்தப் பையனை ஐந்தாறு தடவை நிறுத்தினோம். நல்ல ஒரு நகர்வு அவனுக்கு அமையும்போதெல்லாம் நோட்டில் ஒரு விதி இருந்தது. யாரும் பொய் சொல்லவில்லை. பக்கத்தைப் புரட்டியே காட்டினோம். என் மேல் மந்திரம் போட்டு என்னைத் தவளையாக்கப் போனான், தவளை கிடையாது என்றோம். ஒரு மணி நேரத்தில் எழுந்து போய்விட்டான். போகும்போது கோபமில்லாமல்தான் சொன்னான்: "இது உங்க கேம், மாமா."

நான்கு பேருக்குள் நியாயமாக இருக்க வேண்டும் என்று மூன்று வருடம் செதுக்கிய விதிகள், ஐந்தாவதாக வந்தவனுக்குச் சுவராக நின்றன. ஒவ்வொன்றும் எங்களுக்குள் நடந்த ஒரு பழைய சண்டையின் தழும்பு. அந்தச் சண்டைகள் அவனுக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை.

ஆனால் ராத்திரி கார் ஓட்டி வரும்போது என்னை உறுத்தியது நான் சொன்ன அந்த இரண்டு வார்த்தைகள். அதை வேறொரு வாயிலிருந்து கேட்டிருக்கிறேன். தாத்தா தோட்டத்தில் பால் நிறுக்கப் போன கதையை அடிக்கடி சொல்வார். வாளியில் தண்ணீர் இருக்கும் என்று சொல்லிக் கிராணி கொஞ்சம் கழித்துத்தான் எழுதுவாராம். மழையே இல்லாத மாதத்தில் ஏன் கழிக்கிறீர்கள் என்று தாத்தா ஒருநாள் கேட்டிருக்கிறார். கிராணி தலையைத் தூக்காமல் சொன்ன பதில்: "இங்க அப்படித்தான்."

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்தபோது, ஆர். எச். நாதன் முதலியவர்கள் முன்னால் நின்று வைத்த கோரிக்கைகளில் சம்பள உயர்வோடு இன்னொன்றும் இருந்தது: துரைமார் எதிரே வரும்போது தொழிலாளி சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை எடுக்க வேண்டும். அதுவும் ஒரு வீட்டு விதி மாதிரித்தான். வீடு யாருடையதோ அவர்கள் போட்டது.

ஒரு பையன் விளையாட்டில் தோற்பதையும், சைக்கிளைவிட்டு இறங்கியவர்களின் வாழ்க்கையையும் பக்கத்தில் வைப்பது அதிகம்தான், தெரியும். பையன் எழுந்து போய் யூடியூப் பார்த்தான். தாத்தாவால் எழுந்து போக முடியாது. வீடு, ஸ்டோர் கடன், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாமே தோட்டத்துக்குள் இருந்தது. எழுந்து போக முடிகிற இடத்தில் இருக்கும் விதியும் முடியாத இடத்தில் இருக்கும் விதியும் ஒன்றல்ல. ஆனாலும் வாக்கியம் ஒன்றுதான். கேள்வி கேட்டவனுக்குக் காரணம் சொல்லாமல் இடத்தைக் காட்டும் வாக்கியம்.

அடுத்த சனிக்கிழமை இதையெல்லாம் மேசையில் சொன்னேன். ஒன்பதாவது விதிக்கு நான் ஏன் கை தூக்கினேன் என்பதையும் சொன்னேன். அண்ணன் கொஞ்ச நேரம் கோப்பியைக் கலக்கிக்கொண்டிருந்தார். "தாயம் விளையாடறப்ப எப்படி? உக்காந்த உடனே கேப்போம்ல, உங்க வீட்டுல வெட்டாம உள்ள போலாமான்னு" என்றார்.

எனக்கு இது தோன்றவே இல்லை. தாயத்துக்கு அச்சடித்த விதிப் புத்தகம் கிடையாது. எதிரி காயை ஒன்றாவது வெட்டினால்தான் உள் கட்டத்துக்குப் போகலாம் என்பது சில வீடுகளில்; சில வீடுகளில் அப்படி இல்லை. எந்த வீட்டு விதியும் மூல விதி இல்லாததால், ஒவ்வொரு தடவையும் காய் வைப்பதற்கு முன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. புதிதாக வந்தவனும் அந்தப் பேச்சில் இருப்பான். நாங்கள் எழுதி வைத்ததால் கேட்பதை நிறுத்திவிட்டோம்.

இப்போது எழுதுவதில்லை. ஆட்டத்துக்கு முன் பேசுகிறோம். ஒருத்தர் வேண்டாம் என்றாலும் அந்தத் திருத்தம் அன்றைக்குக் கிடையாது, பெட்டிக்குள் இருப்பதுதான். இதை ஒரு பெரிய தீர்வு என்று சொல்ல மாட்டேன். போன மாதம் வாத்தியார் பிடிவாதம் பிடித்ததால் பழைய கடைசிக் கட்டத்தோடே ஆடினோம். ஆட்டம் ஐந்து மணி நேரம் போனது, பிடிவாதம் பிடித்தவரே நாற்காலியில் தூங்கிவிட்டார். எல்லாரும் சம்மதித்தால்தான் மாற்றம் என்பது, இருப்பதால் லாபம் அடைகிறவனுக்கு வசதியான ஏற்பாடு. துரைமார் சம்மதத்துக்குக் காத்திருந்தால் சைக்கிளைவிட்டு இறங்கிக்கொண்டே இருந்திருப்பார்கள். ஆகவே இது மேசைக்கு மட்டும் பொருந்தும், அதுவும் எழுந்து போகிறவன் திரும்பி வர வேண்டும் என்று மற்றவர்கள் நினைக்கும் மேசைக்கு. தீர்க்கதரிசினி திரும்பி வந்துவிட்டாள். அண்ணன் அவளை எடுக்கும் நாளில் நான் அநேகமாகத் தோற்கிறேன்.

போன வாரம் பையன் மறுபடி வந்திருந்தான். பெட்டியைத் திறந்து சீட்டுகளைக் கலைத்துக்கொண்டிருந்தபோது அண்ணன்தான் ஆரம்பித்தார்.

"தம்பி, தவளை உண்டா, இல்லையா?"

பையன் யோசித்தான். "உண்டு. ஆனா ரெண்டு சுத்துதான்."

"அதென்ன ரெண்டு?" என்றார் வாத்தியார்.

"மூணு சுத்துன்னா அவங்க சும்மா உக்காந்திருக்கணும் சார். ஒரு சுத்துன்னா சிரிக்க டைம் இருக்காது."

ஒருவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. முதல் அரைமணியிலேயே அண்ணன் தவளையானார்.